மூன்று சங்கிலியை அடுக்கிப் போடுதல்: நான்கு முயற்சிகளின் குறிப்பு

தேவை இதுதான்: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடு, பட்டுச்சேலை, கழுத்தில் மூன்று சங்கிலிகள். மூன்றும் தனித்தனியாகத் தெரியவும் வேண்டும், பந்தி முடியும்வரை சிக்காமல் கிடக்கவும் வேண்டும்.

முதல் முயற்சி 16, 18, 20 அங்குலம். கண்ணாடியில் ஒரே குவியல். சங்கிலி கழுத்தின் இரண்டு பக்கமும் இறங்குவதால், நீளம் 2 அங்குலம் கூடினாலும் முன்னால் இறக்கம் ஏறத்தாழ 1 அங்குலம்தான் கூடும். மேல் சங்கிலியின் பதக்கம் ஒன்றேகால் அங்குலம் என்றால், கீழே உள்ளது அதற்குள் மறைந்துபோகும்.

இரண்டாவது: 15 அங்குல அட்டியல், 20 அங்குலச் சங்கிலி, 26 அங்குலப் பதக்கச் சங்கிலி. இப்போது மூன்றும் பிரிந்து அழகாகத் தெரிந்தன. ஆனால் கால் மணி நேரம் நடந்து, குனிந்து, இருந்து எழும்பியதும் கீழ் இரண்டும் பின்னிக்கொண்டன. இரண்டும் முறுக்குச் சங்கிலி, எடையும் ஏறக்குறைய ஒன்று. ஒரேமாதிரி வளையங்கள் ஒன்றையொன்று கவ்வும். பதக்கமில்லாத லேசான சங்கிலிதான் முதலில் சுழலும்.

மூன்றாவது முயற்சியில் நடுச் சங்கிலியை மாற்றி, வழவழப்பான ஒன்றைச் சிறு பதக்கத்தோடு போட்டோம். எடை கீழே போகப்போகக் கூடவேண்டும். சிக்கு நன்றாகக் குறைந்தது. மிச்சச் சிக்கல் பிடரியில்: மூன்று கொளுக்கியும் ஒரே இடத்தில் குவிந்து, தலைமயிரையும் இழுத்தன.

நான்காவதில் அதற்கு வழி கிடைத்தது. பிளவுஸின் பின்கழுத்து ஓரத்தில், அதே நிற நூலால், நடுச் சங்கிலியைச் சுற்றி ஒரு தளர்ந்த கண்ணி. பென்சில் நுழையுமளவு போதும். இறுக்கினால் கழுத்தைத் திருப்பும்போது சங்கிலி இழுபடும். கொளுக்கியைக் கண்ணியிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி வையுங்கள். ஊசியைச் சங்கிலி வளையத்துக்குள் குத்தவே வேண்டாம், மெல்லிய வளையம் விரிந்துவிடும். சேலைத் தலைப்பைக் குத்தி முடித்தபிறகே நீளமானதைப் போடவேண்டும். கழற்றும்போதும் அதுதான் முதல்.

தாலிக்கொடி போட்டிருப்பவர்கள் அதையும் ஓர் அடுக்காக எண்ணவேண்டும். கனமான கொடியென்றால் அதனோடு அட்டியல் ஒன்றே போதும். அதுவே எடுப்பாகவும் இருக்கும்.

முத்துமாலைக்குப் பக்கத்தில் நீலக்கல் பதக்கம் வேண்டாம். மோஸ் அளவில் நீலக்கல்லின் கடினம் 9, முத்து 5ஐக்கூட எட்டாது. உரசினால் முத்தின் மினுக்கம் போகும். சென்ட் பூசுவது முத்தைப் போடுவதற்கு முன்பே. கொழும்பு வெக்கையில் வேர்வை ஊறியிருக்கும், கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

கொழும்பில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்குப் போனால், கொளுக்கியில் மாட்ட 2 அங்குல நீட்டுத் துண்டு ஒன்று செய்வியுங்கள். ஒரே சங்கிலியை 18க்கும் 20க்கும் மாற்றலாம். கழுத்து இறக்கம் வேறான பிளவுஸுக்கும் அது பொருந்தும்.