சுவரைத் தாண்டியது பத்து நிமிடம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு

இரண்டாம் உலகப் போரில் போலந்தைப் பிடித்த நாஜி ஜெர்மனி, தலைநகர் வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்த பகுதிதான் வார்சா கெட்டோ. அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்தச் சுவர். ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், உச்சியில் முள்கம்பி, உள்ளே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள். ஆனால் அங்கிருந்து வெளியேறி உயிர்தப்பிய பெண்களின் நினைவுகளில் சுவருக்கு ஒன்றிரண்டு பக்கம்தான். 'ஆரியப் பக்கம்' என்று அவர்கள் அழைத்த மறுபுறத்தில் ஒவ்வொரு நாளையும் எப்படி ஓட்டினார்கள் என்பதுதான் மீதி முழுக்க.

வெளியேற அதிகம் பயன்பட்டது வேலைக்குழு. காலையில் வாயிலைக் கடக்கும் கூலியாட்களைத் தலை எண்ணி அனுப்புவார்கள், மாலையில் எண்ணி உள்ளே விடுவார்கள். ஆகவே குழுத் தலைவனுக்குப் பணம் கொடுக்காமல் காரியம் நடக்காது. பின்னாளில் விளாட்கா மீட் என்று அறியப்பட்ட ஃபெய்கெலே பெல்டெல் 1942 டிசம்பரில் இப்படித்தான் வெளியே வந்தார். அதற்குள் அவருடைய தாயும் தம்பியும் தங்கையும் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார்கள். அந்த முகாமின் வரைபடம் அவருடைய காலணிக்குள் இருந்தது. காவலாளி அவரைத் தனியே அழைத்துச் சோதித்து, காலணியைக் கழற்றச் சொன்ன நேரத்தில் வெளியே யாரோ தப்பி ஓடியதாகக் கூச்சல் எழுந்தது. காவலாளி அந்தப் பக்கம் ஓடினான். திட்டமிட்டதில் பாதி, அதிர்ஷ்டம் பாதி. இந்தக் கணக்கை மறைத்து எழுதப்படும் வீரக்கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்தது காகிதம். போலந்துக்காரர்களுக்குச் சாம்பல் நிறக் 'கென்கார்ட்டே' என்ற அடையாள அட்டை, அதில் புகைப்படம், கைரேகை. அட்டையை மட்டும் போலியாக அடித்து வைத்துக்கொள்வது ஆபத்து, ஏனென்றால் அட்டைக்கு அடியில் ஞானஸ்நானச் சான்றும் வீட்டு முகவரிப் பதிவும் இருக்க வேண்டும். கற்பனைப் பெயரென்றால் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டியதும் குட்டு உடைந்துவிடும். அதனால் ஏறக்குறைய அதே வயதில் இறந்துபோன ஒரு போலந்துப் பெண்ணின் உண்மையான சான்று கிடைத்தால் அதுதான் உசத்தி. அதை வைத்து முகவரி பதிந்து, அலுவலகத்திலேயே அசல் அட்டை வாங்கலாம். 1942 டிசம்பரில் உருவான 'ஜெகோட்டா' என்ற யூதர் உதவிக் குழு இத்தகைய ஆவணங்களை ஆயிரக்கணக்கில் தயாரித்துக் கொடுத்தது.

காகிதம் சரியாக இருந்தும் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ஜெர்மானியன் கண்ணுக்குப் போலந்துக்காரியும் யூதப் பெண்ணும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அப்படியல்ல, யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷின் வாடை அடிக்கும் ஓர் உச்சரிப்பு போதும். கெட்டோவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தியும் ஆயுதமும் கொண்டுசெல்லும் தூதுப் பணிக்குப் பெண்களையே அதிகம் அனுப்பியதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஆண்பிள்ளைகள் மதப் பாடசாலைக்குப் போன குடும்பங்களிலும் பெண்பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போய்ச் சுத்தமான போலிஷ் கற்றிருந்தார்கள். ஆணென்றால் காற்சட்டையைக் கழற்றச் சொன்னால் விருத்தசேதனம் காட்டிக்கொடுத்துவிடும். தொடர்பு என்று பொருள்படும் ஹீப்ருச் சொல்லிலிருந்து இவர்களுக்குக் 'கஷாரியோட்' என்று பெயர் வந்தது.

மனப்பாடம் செய்ய வேண்டியவை நிறைய. கத்தோலிக்க ஜெபங்கள், கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடும் முறை, பிறந்தநாளைவிடப் பெரிதாகக் கொண்டாடப்படும் பெயர்நாள். தன் புனிதரின் நாள் எது என்று தெரியாத 'மரியா'வை யார் நம்புவார்கள்? கூந்தலை வெளுக்கப் பெராக்சைடு போடுவார்கள். அதிகம் போட்டால் வைக்கோல் நிறமாகி அதுவே சந்தேகம் கிளப்பும். நாளாக ஆக வேரில் கறுப்பு எட்டிப் பார்க்கும். இதையெல்லாம்விடக் கடினம் கண். துயரம் தேங்கிய பார்வையே காட்டிக்கொடுக்கும் என்று அத்தனை பேரும் சொல்கிறார்கள். டிராமில் உரக்கச் சிரித்துப் பேசியது அதற்காகத்தான்.

ஒளியும் அறைக்கு 'மெலினா' என்று பெயர். வேலை இல்லாவிட்டாலும் வேலைக்குப் போவதுபோலக் காலையில் கிளம்பி, மாலைவரை தெருவில் அலைந்துவிட்டுத் திரும்ப வேண்டும். இரவில் வாயிலைப் பூட்டும் காவல்காரர் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கூடவே 'ஷ்மால்ட்சோவ்னிக்' என்ற மிரட்டல்காரர்கள். பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒருமுறை பணம் கொடுத்தால் மறுபடி வருவார்கள். 'வா, காவல் நிலையத்துக்கே போவோம்' என்று சீறி விரட்டியவர்களும் உண்டு. எப்படியானாலும் அந்த மெலினா 'எரிந்துவிட்டது', அதாவது அம்பலமாகிவிட்டது என்று விட்டுவிட்டு, அன்றே வேறிடம் பார்க்க வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று அறை மாறியவர்களுக்கு, 1941 அக்டோபர் ஆணையின்படி அடைக்கலம் கொடுப்பவருக்கும் மரண தண்டனை என்பது தெரியும். கதவு திறந்தவரைக் குறைசொல்ல அவர்களால் முடியவில்லை.

ஒளிந்திருப்பவர்களுக்கு இத்தோடு போதும். தூதுப் பெண்கள் இதற்கு மேலும் சுமந்தார்கள். ஃப்ரும்கா ப்ளோட்னிட்ஸ்கா உருளைக்கிழங்குச் சாக்கின் அடியில் ஆயுதம் கொண்டுவந்தார். விளாட்கா டைனமைட்டைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்துக் கட்டி, சுவரை ஒட்டிய தொழிற்சாலை நிலவறையின் கம்பிச் சன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். பெரிய பொதி கம்பிக்குள் நுழையாது. காவல்காரருக்குப் பணமும் வோட்காவும் போயின. உள்ளே என்ன என்று அவர் கேட்டதற்குப் பொடியாக்கிய சாயம் என்று பதில்.

1943 ஏப்ரல் 19-ல் ஜெர்மானியர்களுக்கு எதிராகக் கெட்டோவுக்குள் யூதர்களின் ஆயுத எழுச்சி வெடித்தது. ஆயுதம் திரட்டுவதில் விளாட்காவோடு உழைத்த பொறியாளர் மிகாவ் க்ளெப்ஃபிஷ் மறுநாளே கொல்லப்பட்டார். விளாட்கா சுவருக்கு வெளியே நின்று கெட்டோ எரிவதைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் போலவே முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மே மாதம், ஆயுதம் கொண்டுபோய்க் கொடுக்கக் கெட்டோவுக்குள் யாரும் மிஞ்சவில்லை. வேலை மாறியது. பரண்களிலும் பொய்ச்சுவர்களுக்குப் பின்னாலும் கிடந்தவர்களுக்குப் பணமும் காகிதமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முகவரிகளை எழுதிவைத்து அந்தத் தாள் சிக்கினால் எல்லோரும் மாட்டுவார்கள். ஆகவே எந்தத் தெரு, எந்தக் கதவு, எத்தனை தட்டு என்பதையெல்லாம் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார்கள்.