மழைக்கு முன்னால் ஒரு காலை: மகளின் முதல் பிறந்தநாள் படங்கள்

எங்கள் மகளுக்கு ஜூன் முதல் வாரத்தில் ஒரு வயது நிறைந்தது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. அங்கே தொடங்கிவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்தில் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் வந்துசேர அதிக நேரம் ஆகாது. அதனால் படத்தை எங்கே எடுப்பது என்பதைவிட எப்போது எடுப்பது என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. பிறந்தநாள் அன்றே எடுக்கும் யோசனையை உடனே விட்டுவிட்டோம். வீடு நிறைய ஆள் இருக்கும், பிள்ளை கைமாறிக்கொண்டே இருக்கும், மதியத்துக்குள் அழுது ஓய்ந்துவிடும். மே கடைசியில் ஒரு காலை, அன்று மழை பெய்தால் அதே பணத்துக்கு இன்னொரு காலை என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசி முடித்தோம். குமரி மாவட்டத்தில் மே கடைசியிலிருந்தும் அக்டோபரிலிருந்தும் மழை உண்டு. இந்த மாதங்களில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் மாற்றுத் தேதியை வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

புகைப்படக்காரரைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் பேசியவர்களில் பெரும்பாலோர் தீம் என்ன, பலூன் வளைவு வேண்டுமா, எத்தனை உடை என்று கேட்டார்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு தம்பி மட்டும், "பிள்ளைக்கு காலைல எத்தனை மணிக்கு ஒறக்கம் வரும்க்கா?" என்று கேட்டார். அவரையே பேசிவிட்டோம். ஒரு வயதுப் பிள்ளையின் நல்ல நேரம் என்பது எழுந்து பசியாறியதிலிருந்து அடுத்த உறக்கம் வரைக்கும்தான். எங்கள் மகள் 6 மணிக்கு எழுவாள், 9 மணி தாண்டினால் கண்ணைக் கசக்குவாள். 7 மணியிலிருந்து 8:30 வரை என்று முடிவு செய்தோம். மே மாதத்தில் நம் ஊரில் 6 மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. 7 மணி வெளிச்சம் சாய்வாக, இதமாக இருக்கும். 9 மணிக்கு மேல் முகத்தில் நிழல் கறுத்து விழும், பிள்ளையும் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும்.

பிறகு மொட்டைப் பேச்சு வந்தது. குமாரகோவிலில் முடி இறக்குவதாக மாமி நேர்ந்திருந்தார். முதலில் மொட்டையா, முதலில் படமா என்று வீட்டில் இரண்டு கட்சி. "மொட்டைத் தலையும் அழகுதாம் மக்ளே" என்றார் மாமி. அழகுதான், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மழித்த புதிதில் தலையில் சின்னக் கீறல்கள் இருக்கும், வெயிலும் நேராகப் படும். முதலில் மொட்டை என்றால் படத்துக்குச் சில வாரம் இடைவெளி வேண்டும், மழை அதற்கு இடம் தராது. அதனால் படத்தை முதலில் எடுத்துவிட்டு, நட்சத்திரப் பிறந்தநாளுக்குப் பிறகு மொட்டையும் காதுகுத்தும் என்று முடிந்தது. மாமியும் சம்மதித்தார்.

கடற்கரையில் எடுக்கலாம் என்று ஆசைப்பட்டவர் என் கணவர். முட்டம், சொத்தவிளை என்று பெயர்கள் வந்தன. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனதை நம் மாவட்டத்தில் யார் மறந்திருக்கிறார்கள்? கள்ளக்கடல் எனப்படும் திடீர் அலையேற்றம் இங்கே காற்றோ மழையோ இல்லாதபோதும் வரும். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் எழும் பேரலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறுகின்றன. வானம் தெளிவாக இருப்பதை வைத்துக் கடலை நம்ப முடியாது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது, கடற்கரைக்குத்தான் போவோம் என்பவர்கள் முந்தின நாள் அதைப் பார்த்துவிட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த பிள்ளையாக இருந்தால் நானும் சொத்தவிளைக்கே போயிருப்பேன். பத்மநாபபுரம் அரண்மனையும் பேச்சில் வந்தது. அது நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே வெளிச்சமும் குறைவு. ஊர்ந்து ஓடுகிற பிள்ளைக்கு அது ஏற்ற இடமாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் பாதி வீட்டு முற்றத்தில், பாதி தேரூர் வயலில். தேரூர் குழந்தைகளுக்குப் பாட்டெழுதிய கவிமணி பிறந்த ஊர், எங்கள் வீட்டிலிருந்து பக்கமும் கூட. குளத்துப் பாசன வயல்களில் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லின் நாற்று பச்சையாக நின்றது, பின்னால் மலை. வயலுக்குச் சொந்தக்காரரிடம் முந்தின நாளே கேட்டுக்கொண்டோம். வரப்பை மிதித்துச் சரித்துவிடக் கூடாது என்பதால் வண்டிப்பாதை ஓரமாகவே பாய் விரித்தோம். காற்றைப் பற்றி அந்தத் தம்பி முன்பே எச்சரித்திருந்தார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தப் பருவத்தில் வெயில் ஏற ஏற வலுக்கும், அங்கே காற்றாலைகள் அத்தனை நிற்பதும் அதனால்தான். குடை, துணித்திரை, காகித அலங்காரம் எதுவும் கொண்டுபோகவில்லை. கனமான பித்தளை உருளியும் ஒரு மர முக்காலியும் மட்டும்.

அலங்காரத்தில் நான் பிடிவாதமாக நின்ற ஒரு விஷயம் பூ. தோவாளை மாணிக்கமாலையைப் பிள்ளை கழுத்தில் போட வேண்டும் என்று என் அம்மா ஆசைப்பட்டார். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் பாய் போல நெருக்கி மடித்துக் கட்டுகிற அந்த மாலையின் அழகே தனி, புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அரளியின் பூ, இலை, பால் எல்லாமே நஞ்சு. 2024-இல் கேரளத்தில் தேவசம் போர்டுகள் கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை விலக்கின. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயதில் அது பிள்ளையின் பக்கத்தில் இருக்கவே கூடாது. "அம்மா, மாலையை நம்ம சாமி படத்துக்குப் போடுவோம், பிள்ளைக்குப் பிச்சிப்பூவைத் தலையில் மட்டும் வைப்போம்" என்றேன். பலூனும் வேண்டாம் என்றேன், வெடித்த துண்டு தொண்டையில் அடைத்தால் எடுப்பது கடினம். பட்டுப்பாவாடையின் சரிகை குத்தாமல் இருக்க உள்ளே மெல்லிய பருத்தி உடுப்பு தைத்துக்கொண்டோம்.

கேக்கைப் பிசைந்து முகத்தில் அப்பிக்கொள்ளும் படம் இப்போது எல்லோரும் எடுக்கிறார்கள். எங்கள் மகள் அதுவரை கிரீமைத் தொட்டதில்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது மட்டிப்பழம், எங்கள் ஊர்ச் சின்ன வாழைப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டியைத்தான் இங்கே எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளுக்கு மசித்து ஊட்டியிருக்கிறார்கள். உருளி நிறைய மட்டிப்பழம் வைத்து, உரித்து மசித்ததை ஒரு சின்னத் தட்டில் அவள் முன் வைத்தோம். இரண்டு கையாலும் அள்ளினாள். தொகுப்பிலேயே சிறந்த படங்கள் அவைதான்.

அன்று காலை அந்தத் தம்பி வந்ததும் கேமராவை வெளியே எடுக்கவில்லை. பாட்டாவோடு, அதாவது மகளின் தாத்தாவோடு, காப்பி குடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். இந்த வயதில் புதுமுகம் கண்டால் பிள்ளைகள் மிரளும். மகள் தானாக ஊர்ந்து வந்து அவருடைய பையை இழுத்த பிறகுதான் படம் எடுக்கத் தொடங்கினார். பின்னால் நின்று கூப்பிடுவதற்கு ஒருவர் போதும் என்றும் சொன்னார். ஆளாளுக்குக் கைதட்டினால் பிள்ளையின் பார்வை சிதறும். அந்த ஒருவர் பாட்டாதான், கையில் டம்ளரும் கரண்டியும். ஃபிளாஷ் போடவே இல்லை.

பணம் தீர்ப்பதற்கு முன் பேச வேண்டியவை இன்னும் உண்டு. எங்கள் அனுமதி இல்லாமல் பிள்ளையின் படத்தை இன்ஸ்டாகிராமிலோ கடை விளம்பரத்திலோ போடக் கூடாது என்று எழுதி வாங்கினோம். அவர் முகம் கோணாமல் கையெழுத்துப் போட்டார். திருத்தாத படங்கள் முழுவதையும் பென்டிரைவில் வாங்கி, வீட்டுக் கணினியில் ஒரு பிரதி, என் தம்பியிடம் ஒரு பிரதி என்று வைத்துவிட்டோம். முகத்தை வெளுப்பாக்க வேண்டாம், அவள் நிறம் அப்படியே இருக்கட்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டேன். கேட்காவிட்டால் பல இடங்களில் தாமாகவே வெளுப்பாக்கிவிடுகிறார்கள். ஆல்பத்துக்கான படங்களை மொட்டைக்கு முன்பே தேர்ந்தெடுத்து அனுப்பினோம். கடைசிப் பக்கத்தை மட்டும் காலியாக விடச் சொல்லியிருக்கிறோம், குமாரகோவில் படம் அதில் வரும்.