கடலோர வரைபடத்துக்கு ஆட்சேபணை: ஒப்புகை வாங்கப் பட்ட பாடு

கடலோர வரைவு வரைபடத்துக்கு எதிராக நாங்கள் கொடுத்த ஆட்சேபணை மனுவுக்கு ஒரு வழியாக ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. முத்திரை, தேதி, பதிவு எண் மூன்றும் தெளிவாக விழுந்திருக்கின்றன. இந்தத் துண்டுக் காகிதத்துக்காக அலைந்ததை நினைத்தால் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. கடலோர ஊர்க்காரர்கள் பலருக்கும் இதே வேலை வரும் என்பதால், எங்கெங்கே இடறும் என்று எழுதிவைக்கிறேன்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை (ஈ.சி.ஆர்.) ஒட்டிய ஊராட்சி எங்களுடையது. சாலைக்கு மேற்கே அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே போகின்றன. கிழக்கே மனைப்பிரிவுகளும் ரிசார்ட்டுகளும், அதைத் தாண்டினால் மீனவர் குப்பம். 2019 ஜனவரி 18-ல் புதிய கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்ததிலிருந்து டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறக் கடலோரம் என்றால் அது சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) 3ஏ வகை. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறிவரும் எல்லையிலிருந்து, 50 மீட்டர் கட்டடம் கட்டாமல் விட்டால் போதும். மற்ற கிராமப்புறம் 3பி, அங்கே 200 மீட்டர் விடவேண்டும். மனை வாங்கிப்போட்டவர்கள் ‘50-தான்’ என்கிறார்கள், குப்பத்தில் ‘200-தான்’ என்கிறார்கள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை மொத்தமாக மனையில் போட்ட ஆசிரியர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் 50 மீட்டரில் சுவர் எழும்பிவிட்டால் புயல் நேரத்தில் படகுகளை எங்கே இழுத்துப்போடுவது?

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த 50 மீட்டர் தானாக அமலுக்கு வந்துவிடாது. உள்ளூர் மக்களைக் கலந்து தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் இருந்தால்தான் அது, அதுவரை 200. ஆகவே வரைவு வரைபடம், அதன் மீதான ஆட்சேபணை, மாவட்ட அளவிலான கருத்துக்கேட்பு இந்த மூன்றில்தான் எல்லாம் முடிவாகிறது. தெருவில் எவ்வளவு கத்தினாலும் கோப்பில் ஏறாது.

வரைவு வரைபடம் இணையத்தில் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் அது 1:25,000 அளவு. ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். 200 மீட்டர் என்பது அதில் 8 மில்லிமீட்டர், 50 மீட்டர் வெறும் 2 மில்லிமீட்டர். பேனாவால் ஒரு கோடு போட்டால் குப்பத்தின் பாதி மறைந்துவிடும். வலை காயப்போடும் களம், மீன் உலர்த்தும் மேடை, படகுத்துறை, பள்ளிக்கூடம், சாலை இதெல்லாம் சர்வே எண் அளவிலான பெரிய வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த வரைபடத்தை அலுவலகத்தில் வந்து பார்க்கலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள்.

போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறாராம். கூட வந்த குப்பத்துப் பெரியவர் அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் வந்திருந்தார். அந்த ஒருநாள் வருமானத்துக்கு யார் பதில் சொல்வது? தயவுசெய்து போவதற்கு முன் போன் செய்து, வரைபடம் பார்வைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினார்கள். பெரியவர் கங்கையம்மன் கோயிலில் விரலை வைத்து, அங்கிருந்து கரையோரமாக மெதுவாக வடக்கே நகர்த்தினார். நின்றார். மறுபடியும் கோயிலிலிருந்து ஆரம்பித்தார். “தம்பி, நம்ம வலைக்களத்தையே காணோமே?” என்றார். நாலு தலைமுறையாக வலை காய்கிற இடம் வெறும் மணலாக நிறம் தீட்டப்பட்டிருந்தது. அதன் பின்னால் இருக்கும் மணல்மேடு சுத்தமாக இல்லை. மணல்மேடு என்றால் சி.ஆர்.இசட். 1ஏ, கட்டுமானத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள வகை. பங்குனி ஆமை முட்டையிட ஏறிவரும் கரையும் அந்த மேட்டை ஒட்டித்தான்.

போட்டோ எடுக்கக்கூடாது என்று தடுத்தார்கள். “சரி சார், கூடாதுன்னு எழுதிக் கொடுத்துடுங்க, போயிடறோம்” என்றேன். எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எடுத்துட்டுச் சீக்கிரம் கிளம்புங்க” என்றார்கள். எந்த அலுவலகத்திலும் இந்த ஒரு வாக்கியத்தைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். போட்டோ எடுக்கும்போது வரைபடத்தின் மூலையில் உள்ள தாள் எண்ணும் விழவேண்டும். அது ஏன் என்று அப்புறம் தெரிந்தது. மனு வாங்கும் இடத்தில் இருந்தவர் சர்வே எண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “எந்தத் தாள்? தாள் எண் இல்லாட்டி இது வெறும் கருத்துதான், ஆட்சேபணை இல்ல” என்றார். போட்டோவில் இருந்ததால் அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

அதோடு விட்டாரா? ‘அ’ பதிவேடும் (நில விவரப் பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) இணையத்தில் எடுத்த நகல்கள் என்று அடுத்த தடை. கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வேண்டுமாம். நகலைச் சரிபார்க்கும் எண் அந்தக் காகிதத்திலேயே அச்சாகி இருக்கிறது, அரசுத் தளத்தில் அவரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். போனில் திறந்து காட்டியும் தலையை ஆட்டினார். கடைசியில் வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா, வக்கீல் குமாஸ்தாவாம், “வாங்க மாட்டீங்கன்னா மனுவிலேயே காரணத்த எழுதி ரிட்டர்ன் பண்ணுங்க சார்” என்று குரலை உயர்த்தினார். அதன் பிறகுதான் மனு வாங்குபவர் நகலை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு எங்கள் குப்பமே நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

மே 1 கிராம சபையில் வலைக்களம் பற்றித் தீர்மானம் போட்டதில் சிக்கலே இல்லை. நகல் வாங்குவதில்தான் இழுத்தடித்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து முடிந்ததும், கூட்டம் கலைவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துவிடுங்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் எடுத்து வைத்திருந்தான், மனுவோடு அதைத்தான் இணைத்தோம்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முதலில் மைக்கைப் பிடித்தவர்கள் வளர்ச்சி, வேலைவாய்ப்பு, சுற்றுலா என்று நீளமாகப் பேசினார்கள். 200 மீட்டர் வந்தால் இருக்கிற வீட்டையும் இடித்துவிடுவார்கள் என்று ஒருவர் கிளப்பிவிட, அரங்கமே கொதித்தது. அது உண்மையில்லை. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் கட்டடத்தைப் பரப்பளவு கூட்டாமல் பழுது பார்க்கவும் திரும்பக் கட்டவும் அறிவிக்கையிலேயே இடம் உண்டு. அந்தப் பத்தியை அச்செடுத்துப் போயிருந்ததால் உரக்கப் படித்துக் காட்டினேன். எங்கள் தெரு ஆசிரியர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார்.

எங்கள் முறை வந்தபோது “நேரமாகிறது, சுருக்கமாக” என்றார்கள். மீன் விற்கும் அக்கா ஒருவர் எழுந்தார். “கட்டடம் வேணாம்னு நாங்க சொல்லலீங்க. வலை காயுற எடத்துல ஏன் வருதுன்னுதான் கேக்குறோம். அந்த எடம் போச்சுன்னா எங்க வூட்டு ஆம்பளைங்க வலைய எங்க கொண்டுபோய்ப் போடுவாங்க?” என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் பேசவில்லை. ஆனால் குறிப்பெடுத்தவரின் தாளை எட்டிப் பார்த்தால், ‘மீனவர்கள் எதிர்ப்பு தெரிவித்தனர்’ என்று ஒரே வரி. நாங்கள் நகரவில்லை. இன்ன தாள், இன்ன சர்வே எண், அங்குள்ள வலைக்களத்தையும் மணல்மேட்டையும் வரைபடத்தில் சேர்க்கக் கோரினர் என்று மாற்றி எழுதவைத்து, வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தோம். உங்கள் ஊரில் கூட்டம் நடந்தால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மைக்கில் பேசியது காற்றோடு போய்விடும், மேலே போவது அந்தக் குறிப்புதான்.

அடுத்த வேலையையும் தொடங்கிவிட்டோம். எங்கள் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, அந்த ஆட்சேபணை மீது என்ன முடிவு எடுக்கப்பட்டது என்றும், கோப்பிலுள்ள குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும் என்றும் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டிருக்கிறேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பெரியவரும் அந்த அக்காவும் தங்கள் பெயரில் தனித்தனியாக மனு போட்டிருக்கிறார்கள். பதில் எப்படி வந்தாலும், திருத்திய வரைபடம் வெளியானதும் அதே தாளை மறுபடி விரித்துப் பார்க்கப் பெரியவரோடு போவதாக இருக்கிறேன்.