கன்றுக்கு விட்ட காம்பு

நியூசிலாந்தின் வைகாட்டோ பகுதிக்கு நாங்கள் குடிவந்த புதிதில், பக்கத்துப் பால் பண்ணையில் ஒரு மாடு விடிய விடியக் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் வீட்டில் யாராவது விளக்கை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போவார்கள். இங்கே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிறந்த அன்றே கன்றைத் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டதாகவும், இரண்டொரு நாளில் கத்தல் அடங்கிவிடும் என்றும் பண்ணைக்கார அம்மாள் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த அம்மாளின் பண்ணையில்தான் இப்போது கன்று பார்க்கும் வேலை செய்கிறேன். வசந்தத்தில் புல் தழைக்கும்போது பாலும் பெருக வேண்டும் என்பதற்காக, இங்கே மாடுகள் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மொத்தமாக ஈனும்படி சினைப்படுத்தப்படுகின்றன. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்திருந்தால், நம்மூரில் ஆற்றங்கரையில் காப்பரிசி வைத்துப் படைத்துவிட்டு, சம்பாவுக்கு உழவு ஓட்டுகிற நாள்கள் அவை. இங்கேயோ குளிர்மழையில் சேறு மிதித்துப் போய், நனைந்து கிடக்கும் கன்றைத் துடைத்துத் தூக்கி வர வேண்டும்.

பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவில் கன்றுக்கு வருவதில்லை. சீம்பாலில்தான் வருகிறது, ஒரு நாள் தாண்டினால் குடல் அதை ஏற்பதில்லை. குடிக்கத் தெரியாத கன்றின் வாயில் இரண்டு விரல்களை வைத்தால், சொரசொரப்பான நாக்கு அவற்றைச் சுற்றி இழுக்கும். அந்த வேகத்திலேயே ரப்பர் காம்புக்கு மாற்றிவிடுவேன். பிறகு எல்லாம் வரிசையாக நின்று, வாலை ஆட்டிக்கொண்டு, பால் தொட்டியையே மடியென்று முட்டுகிற அழகைப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. நான் “பா, பா” என்று அழைத்தால் ஓடி வருகின்றன; பண்ணை வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அப்படியேதான் அழைக்கிறார்கள்.

ஊர் பழகிவிட்டது என்றே சொல்வேன். ஆனாலும் ஒவ்வொரு கன்றைத் தூக்கும்போதும் எங்கள் உம்பளச்சேரி மாடு நினைவுக்கு வந்துவிடுகிறது. அதன் கன்று செம்பழுப்பாகப் பிறக்கும். நெற்றியிலும் குளம்புக்கு மேலும் வெள்ளை இருக்கும். மாதங்கள் போகப் போக உடம்பு சாம்பல் நிறமாகும். இரண்டு லிட்டர் கறந்தாலே பெரிது. அப்பாயி முதலில் கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் தாயின் முன்காலருகே கட்டுவார். தாய் நக்கிக்கொண்டு நிற்கும்போதே கறந்து முடித்து, ஒரு காம்பைத் தொடாமல் விட்டுவிடுவார். “ஒட்டக் கறக்காத தாயி, கன்னு வவுறு காஞ்சா வூடு வெளங்காது” என்பார். மாட்டுப் பொங்கலன்று நரசிங்கம்பேட்டை நெட்டி மாலை முதலில் கன்றின் கழுத்துக்குத்தான். இங்கே அந்த நாள் கோடைப் புல் அறுத்துக் கட்டும் வேலைக்கு நடுவே வந்து போய்விடுகிறது.

பழகிய பின் பிரித்தால் இரண்டுக்கும் துன்பம் அதிகம் என்கிறார் பண்ணைக்கார அம்மாள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஈன்ற முதல் நான்கு நாள் பாலை ஆலைக்கு அனுப்பக் கூடாது என்பது இங்குள்ள நடைமுறை. எப்படியும் அது கன்றுகளுக்குத்தான் போகிறது. அந்த நான்கு நாளாவது தாயின் மடியிலேயே குடிக்கட்டுமே என்று கேட்டிருக்கிறேன். வரும் ஜூலையில் இரண்டு மாடுகளை அப்படி விட்டுப் பார்க்கலாம் என்று சம்மதித்திருக்கிறார்.