பங்குனிக்குக் காத்திருந்த குழி

19 ஜனவரி 2025, ஞாயிறு

வீடு வந்து சேரும்போது விடிந்துவிட்டது. நேற்று இரவு நீலாங்கரையில் கூடி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, டார்ச் அடிக்காமல், மணலிலேயே பெசன்ட் நகர் வரை நடந்தோம், கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். கடல் ஆமை முட்டை தேடிப் போனோம், செத்த ஆமைகள்தான் கண்ணில் பட்டன. ஐந்து வரை எண்ணினேன், அதற்கு மேல் முடியவில்லை. இந்த மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியிருக்கின்றன. ஆமைக்கும் நம்மைப்போல நுரையீரல்தான், மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும், இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் கடலிலேயே மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் இத்தனை உடல்கள். கோபமாக வருகிறது.

2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் உலகத் தலைவர்கள் முன்னால் நின்று, பேச்சை நிறுத்திவிட்டுச் செயலில் இறங்குங்கள் என்று கேட்டதைப் பார்த்துத்தான் நானும் பதாகை பிடிக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து கடலுக்காக எத்தனையோ கோஷம் போட்டிருக்கிறேன். இரவில் அந்தக் கடலோடு நடந்தது நேற்றுதான் முதல் தடவை.

9 பிப்ரவரி, ஞாயிறு

கிடைத்துவிட்டது! இரவு 2 மணி இருக்கும், டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கியது மாதிரி மணலில் தடம். தாய் ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. கூடவந்த அக்கா குச்சியால் மெல்லக் குத்திக் குத்தி மணல் இளகிய இடத்தைக் கண்டுபிடித்தார், அப்புறம் கையால் தோண்டச் சொன்னார். தோள் வரை கை உள்ளே போனபிறகு விரலில் பட்டது, டேபிள் டென்னிஸ் பந்து அளவில், ஈரமாக, கொஞ்சம் மெத்தென்று. 112 முட்டைகள். நாய்களும் தெருவிளக்குகளும் இருக்கிற இந்தக் கரையில் அப்படியே விட முடியாது என்பதால் பையில் எடுத்துப்போய், முட்டைகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில் அதே ஆழத்தில் குடம் போலக் குழி பறித்து வைத்தோம். 1988லிருந்து மாணவர்கள் இதே வேலையைச் செய்கிறார்கள், அதற்கும் முன்னால் 1970களிலேயே ஆமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் இந்தக் கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்திருக்கிறார்கள்.

விடியற்காலையில் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் சொன்னேன். "பங்குனி ஆமைம்மா அது. பங்குனியில குஞ்சு வரும், பாரு" என்றார்.

23 பிப்ரவரி

வெயில் இப்போதே சுடுகிறது. நாள் முழுக்க அந்தக் குழி நினைப்புதான். ஆமைக்கு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது, சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண், அளவு மீறினால் முட்டைக்குள்ளேயே கருகிவிடும். பல இடங்களில் காப்பகத்துக்கு மேலே நிழல் பந்தல் போடுவது இதற்காகத்தான். பூமியின் சூடு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்று பதாகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். இப்போது அந்த எண்ணைப் பார்த்தால் 112 முட்டைகள் கண் முன்னால் வருகின்றன. பருவநிலைக்கான வெள்ளிக்கிழமைப் போராட்டத்துக்கும் கட்டாயம் போவேன், அதை விடப்போவதில்லை, ஆனால் இனி அங்கே போய்ப் பேசும்போது என் கையில் பட்ட ஒன்றைப் பற்றிப் பேசுவேன்.

30 மார்ச், ஞாயிறு

பெரியவர் சொன்னபடியே பங்குனி. 48 நாள் கழித்து நேற்று மணல் லேசாகக் குழிந்தது, உள்ளே கறுப்பாக ஒரு மூக்கு, அப்புறம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மொத்தமாகப் பொங்கி வந்தன. 94 குஞ்சுகள். மீதி பொரிக்கவில்லை.

அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். சென்னைக்கு வந்து இத்தனை வருஷத்தில் கடற்கரை என்றால் அவருக்குச் சுண்டலும் கூட்டமும்தான். இருட்டும் நேரத்தில் அலைக்குக் கொஞ்சம் தள்ளி விட்டோம், தூக்கித் தண்ணீரில் போடக் கூடாது, மணலில் தானாக நடந்துதான் போக வேண்டும். கடல் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒரு குஞ்சை மட்டும் அலை இரண்டு தடவை புரட்டிக் கரையில் போட்டது. "போடா கண்ணு, போ, போ" என்று அம்மா அதன் பின்னாலேயே முழங்கால் தண்ணீர் வரை போய்விட்டார். மூன்றாவது அலையில் அது போய்ச் சேர்ந்தது.

அம்மாவின் செருப்பு கரையிலேயே கிடக்கிறது, வீட்டுப் படியேறும்போதுதான் பார்த்தோம்.