கன்னத்தில் ஒரு கைத்தடம்

ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் மேக்கப் படிப்பின் கடைசித் தேர்வுக்கு எங்களுக்குத் தந்த வேலை இதுதான்: ஒரு திகில் கதாபாத்திரத்தை நாமே கற்பனை செய்து, அதற்கான புராஸ்தெடிக்கை, அதாவது முகத்தில் ஒட்டும் செயற்கைச் சதைத் துண்டை, நாமே செதுக்கி, வார்த்து, ஒரு ஆளின் முகத்தில் ஒட்டி, நடுவர்கள் முன் நிறுத்த வேண்டும். மொத்தம் 12 வாரம்.

நான் முதலில் வரைந்த பெண்ணுக்கு வாய் காதுவரை கிழிந்திருந்தது. ஒரு கண் தொங்கியது. நெற்றியில் பிளவு, கழுத்தில் வெட்டு, எங்கு பார்த்தாலும் ரத்தம். ஆசிரியை அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவளுக்கு என்ன ஆச்சு?"

"பேய் மேடம்."

"பேய் ஆனது அப்புறம். அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் அவர் ஜாக் பியர்ஸைப் பற்றிச் சொன்னார். 1931-இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் நடிகர் போரிஸ் கார்லோஃபுக்குத் தட்டையான தலை வைத்து, ஃபிராங்கன்ஸ்டைனின் உயிரிக்கு முகம் கொடுத்த ஒப்பனைக் கலைஞர் அவர். மூளையை உள்ளே வைக்க ஒரு மருத்துவர் மண்டையை எப்படித் திறந்திருப்பார் என்று யோசித்து, பானை மூடியைப் போல நேராக அறுத்துத்தான் திறந்திருப்பார் என்று முடிவு செய்து, அதிலிருந்து அந்த வடிவத்துக்கு வந்தாராம். அதைக் கேட்டபின் என் வரைபடத்தைப் பார்த்தால், அந்தக் காயங்களில் எதற்கும் காரணமே இல்லை என்பது தெரிந்தது.

அடுத்த ஒரு வாரம் பென்சிலைத் தொடவில்லை. தடயவியல் மருத்துவப் பாடநூல்களைத்தான் படித்தேன். இறந்த உடலில் இதயம் நின்றதும், ரத்தம் தன் எடையாலேயே உடலின் கீழ்ப்பக்கத்துக்கு இறங்கித் தேங்கும். அந்தப் பக்கத் தோல் சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு மாறும். லிவோர் மார்ட்டிஸ் என்பார்கள். ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். அப்புறம் உடலைப் புரட்டினாலும் கறை முழுதாக இடம் மாறாது. என்னை அப்படியே நிறுத்தியது அடுத்த வரி. உடல் எதன்மேல் அழுந்தியிருக்கிறதோ, அந்த இடத்துக்கு ரத்தம் வர முடியாது. அது மட்டும் வெள்ளையாகவே இருக்கும்.

அன்று இரவு தூங்கப் போகும்போது எப்போதும் போல இடது பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்தேன். உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் கதாபாத்திரம் கிடைத்துவிட்டாள். தூக்கத்திலேயே இறந்துபோன ஒரு பெண். ஒரு காயம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முகத்தின் இடது பாதி ஊதா. அதற்கு நடுவில் வெள்ளையாக அவளுடைய கையின் தடம்.

தோழி ஒருத்தி மாடலாக உட்காரச் சம்மதித்தாள். முதல் வேலையாக, அந்தத் தடம் உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்த்தோம். அவள் உள்ளங்கையில் சிவப்பு க்ரீம் கலரைத் தடவி, கன்னத்துக்கு அடியில் வைத்து, ஐந்து நிமிடம் படுக்கச் சொன்னேன். எழுந்தபோது நான் நினைத்த முழுக் கை அங்கே இல்லை. எடை தாங்கிய இடங்கள் மட்டும் பதிந்திருந்தன: மணிக்கட்டை ஒட்டிய மேடு, ஆள்காட்டி விரலின் ஓரம், மற்ற விரல்களின் நுனி. நடுவில் உள்ளங்கைக் குழி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சுவரில் அப்பிய கை மாதிரி நான் வரைந்திருந்தால் அது ஸ்டென்சில் போலத்தான் தெரிந்திருக்கும். இந்த ஐந்து நிமிடச் சோதனைதான் 12 வாரத்திலும் நான் செய்த உருப்படியான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்தது லைஃப்காஸ்ட், அதாவது முகத்தை அச்செடுப்பது. பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் அதே ஆல்ஜினேட் பொடி வகைதான். தண்ணீரில் குழைத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் இறுகும், குளிர்ந்திருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். தலைக்கு முடியை மூடும் பால்ட் கேப், புருவத்துக்கும் இமைமயிருக்கும் வாஸலைன். மூக்குத் துவாரம் இரண்டையும் திறந்தே வைத்து, அதை மட்டுமே கவனிக்க ஒரு ஆளை நிறுத்த வேண்டும். இதில் சமரசம் கிடையாது. கண்ணும் வாயும் மூடி, காதும் பாதி அடைத்துப் போன அந்த 20, 25 நிமிடத்தில், உள்ளே இருப்பவருக்கு நம் குரலும் கையும்தான் துணை. கட்டைவிரலைத் தூக்கினால் சரி, கையை விரித்தால் உடனே எடுத்துவிடுவோம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். என்ன செய்யப் போகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் தொட்டேன். மேலே பிளாஸ்டர் பேண்டேஜ் சுற்றி அது இறுகியதும், முன்பக்கம் குனிந்து முகத்தைச் சுளிக்கச் சொன்னேன். காற்று புகுந்து, அச்சு தானாகவே கையில் விழுந்தது. ஆல்ஜினேட் ஈரம் இழந்தால் சுருங்கிவிடும் என்பதால் அப்போதே ஜிப்சம் கல்மாவைக் கரைத்து அதில் ஊற்றிவிட்டோம்.

அதில் கிடைத்த முகத்தின்மேல் களிமண்ணை வைத்துச் செதுக்கும்போதுதான் ஒரு அடிப்படை விஷயம் உறைத்தது. புராஸ்தெடிக்கால் முகத்தில் சேர்க்கத்தான் முடியும், எதையும் குறைக்க முடியாது. எனக்கோ, படுத்தே கிடந்து அழுந்தி, தட்டையாகிப்போன இடது கன்னம் வேண்டும். அழுந்திய இடத்தைத் தொடாமல், அதைச் சுற்றியிருப்பதை உயர்த்துவதுதான் வழி. கன்ன எலும்பின் மேல்விளிம்பையும் தாடையோரத்தையும் கொஞ்சம் உயர்த்தி, மூக்கின் நுனியை இடப்பக்கம் சாய்த்தேன். வாயின் இடது மூலையைச் சில மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். அவ்வளவுதான். தூரத்தில் பார்த்தால் சாதாரண முகம், கிட்டே வரவர ஏதோ சரியில்லை என்று தோன்றும். பெரிய காயத்தைப் பார்த்தவுடன் நம் மனம் 'மேக்கப்' என்று பெயர் வைத்து ஒதுக்கிவிடுகிறது. சில மில்லிமீட்டர் நகர்ந்த மூக்கை அப்படி ஒதுக்க முடிவதில்லை.

களிமண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: கந்தகம் கலந்த களிமண், புராஸ்தெடிக் வார்க்கும் பிளாட்டினம் சிலிக்கானை இறுகவிடாது. கந்தகம் இல்லாத எண்ணெய்க் களிமண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். தோல் துளைகளை நேராகக் குத்தினால் ஊசி குத்தியது போல இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் குத்தினால் விளிம்பு மழுங்கி, தோல் மாதிரியே வரும்.

களிமண்ணில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, கையுறையில் கோட்டை விட்டேன். செதுக்கியதிலிருந்து எடுத்த அச்சின் உள்பக்கம், மெல்லிய படலமாகக் காயும் கேப் பிளாஸ்டிக் பூசி, சிலிக்கானின் A, B இரண்டையும் சம எடையில் அளந்து, சதைபோல மென்மையாக்க டெடனர் சேர்த்து, கலந்து ஊற்றினேன். மறுநாள் திறந்தால் ஓரமெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. பல மணி நேரம் காத்திருந்தும் இறுகவில்லை. காரணம் என் கையில் இருந்த லேடெக்ஸ் கையுறை. லேடெக்ஸ் பட்ட இடத்திலும் பிளாட்டினம் சிலிக்கான் இறுகாது. ஓரத்தை விரலால் வழித்துச் சரிசெய்த இடங்களில் மட்டும் அது கெட்டிருந்தது. ஓரம் போனால் அந்தத் துண்டே போன மாதிரிதான். அன்று அழுதேன். மறுநாள் வைனில் கையுறை மாட்டிக்கொண்டு அச்சை முழுக்கச் சுத்தம் செய்து, மறுபடி வார்த்தேன்.

இரண்டாவது துண்டு இறுகியது, ஆனால் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பிணம் என்றால் வெள்ளை என்று நிறமியை அதிகம் சேர்த்துவிட்டேன். தோலுக்கு ஒளி ஊடுருவும் தன்மை உண்டு. இறந்த பிறகும் அது போய்விடாது. மூன்றாவது முறை நிறமியைக் கொஞ்சமாகக் கலந்து, சிவப்பும் நீலமுமாக நுண்ணிய இழைத்தூளை ஒரு சிட்டிகை போட்டேன். வெளிச்சத்தில் பிடித்தபோது அடியில் ரத்தக் குழாய்கள் ஓடுவது போல இருந்தது. அதே கலவையில் மூன்று துண்டுகள் வார்த்தேன். ஒட்டிக் கழற்றும்போது ஓரம் சிதைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறைக்கும் புதுத் துண்டு தேவை.

சோதனை ஒப்பனை நாளில் ஆசிரியை வந்து பார்த்தார். "அடி வாங்கின பொண்ணு மாதிரி இருக்கா" என்றார். எங்கே தவறு என்று எனக்குப் பிடிபடவில்லை. "பச்சை எதுக்கு? மஞ்சள் எதுக்கு?" என்று கேட்டார். கன்றிப்போன காயத்தைத் தீட்டித் தீட்டிப் பழகிய கை, ஊதாவின் ஓரத்தில் தானாகவே பச்சையும் மஞ்சளும் வைத்திருந்தது. கன்றிய இடம் நாள்பட நாள்பட நிறம் மாறும். உடல் அந்த ரத்தத்தைச் சிதைத்து அகற்றுவதுதான் காரணம். ஹீமோகுளோபின் சிதைந்து பிலிவெர்டின் ஆகும்போது பச்சை, பிலிரூபின் ஆகும்போது மஞ்சள். ஆறுவது உயிருள்ள உடல் செய்யும் வேலை. தூக்கத்தில் இறந்தவளின் கன்னத்தில் அது நடக்காது. பச்சையையும் மஞ்சளையும் துடைத்தெடுத்தேன். சிவப்பும் ஊதாவும் மட்டும் மிஞ்சிய அந்த நொடியில் அவள் முகம் இறந்துபோனது. என் கையே நடுங்கியது.

கண்ணுக்கு வெள்ளை லென்ஸ் போடலாம் என்று பலர் சொன்னார்கள். லென்ஸ் என்றால் கண் மருத்துவர் அளவெடுத்துத் தந்ததாக இருக்க வேண்டும், போடுவதற்கும் பயிற்சி பெற்றவர் வேண்டும். அதைவிட முக்கியமாக, அவள் கண்ணை மூடித் தூங்கியவள். திறந்தே கிடந்து உலர்ந்த கண் அவளுக்கு இருக்காது. கண்ணை அப்படியே விட்டுவிட்டோம். அந்த முகத்தில் உயிரோடு இருந்தது கண் மட்டும்தான், பார்த்தவர்களை அதிகம் கலங்கடித்ததும் அதுதான்.

தேர்வு நாளில் ஒட்டவும் வண்ணம் தீட்டவும் 3 மணி 20 நிமிடம் ஆனது. பசைக்கு ஒவ்வாமை இல்லை என்பதை இரண்டு நாள் முன்பே அவள் கையில் தடவிப் பார்த்திருந்தேன். மூக்கிலிருந்து தொடங்கினேன். புராஸ்-எய்ட் என்ற அந்தப் பசை பூசும்போது பால் போல வெள்ளையாக இருக்கும். கண்ணாடி போலத் தெளிந்த பிறகுதான் துண்டை அழுத்த வேண்டும், பொறுமை இழந்தால் நழுவும். ஓரங்களை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் கரைத்தேன். அசிட்டோனில் கரையும் கேப் பிளாஸ்டிக்கும் உண்டு, ஆனால் கண்ணுக்கு இவ்வளவு அருகில் அதைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. விளிம்பு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியாமல் போனதும் வண்ணத்தில் இறங்கினேன். ஆல்கஹாலில் கரையும் வண்ணங்கள், கிழித்த ஸ்பாஞ்ச், மெல்லிய அடுக்குகள். ஒவ்வொரு அடுக்குக்கும் அவள் கண்ணை மூடிக்கொள்ள, பக்கத்தில் சின்ன விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கைத்தடத்தை வெள்ளையால் தீட்டவே இல்லை. அந்த இடங்களை விட்டுவிட்டுச் சுற்றிலும் ஊதாவை ஏற்றினேன். இடது உள்ளங்கையிலும், கன்னம் அழுந்தியிருந்திருக்கும் பகுதியை வெளிறவிட்டேன். தலைமுடியின் இடப்பக்கத்தைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்தேன்.

கடைசி நேரத்தில் வாயின் இடது மூலை லேசாகத் தூக்கிக்கொண்டது. அவள் அதிகம் பேசியதாலும் மேலுதட்டில் வியர்த்ததாலும் அப்படி ஆனது. துடைத்து, காயவிட்டு, துளி பசை வைத்து அழுத்தினேன். அதற்குப் பிறகு ஸ்ட்ராவில் தண்ணீர் மட்டும்தான் குடித்தாள், எல்லாம் சைகையில் பேசினாள்.

நடுவர்கள் முன்னால் உறும வேண்டாம், கையை நீட்டி நடக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் மெதுவாக வந்து நின்றாள். ஊதா கன்னம் அவர்களுக்குத் தெரியும்படி திரும்பினாள். அவர்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, தூக்கம் வந்தவள் போலத் தலையைச் சாய்த்து, இடது கையைத் தூக்கி, அந்தத் தடத்தின்மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றுவிட்டன. ஒரு நடுவர் தன் கையைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோய், பாதியில் இறக்கிக்கொண்டார்.

கழற்ற 40 நிமிடம் எடுத்துக்கொண்டேன். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இழுக்கக் கூடாது. ரிமூவரில் நனைத்த பிரஷை ஓரத்துக்கு அடியில் விட்டு, பசை தானாக விடும்வரை காத்திருந்து, அங்குலம் அங்குலமாகத்தான் போக வேண்டும். தாடைக்குக் கீழே கொஞ்சம் சிவந்திருந்தது. கழுவி, ஈரத்துணி வைத்து, மாய்ஸ்சரைசர் தடவி அனுப்பினேன். மறுநாள் காலை முதல் வேலையாக அவளுக்குப் போன் செய்து, சிவப்பு இருக்கிறதா, எரிகிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல டி, நல்லாத் தூங்கினேன்" என்றாள். "ஆனா கையைக் கன்னத்துக்கு அடியில வைக்கவே முடியல."