பதினான்கு அயனிகளும் ஹெப்பின் முடிவிலியும்

இரண்டு நிலைகளும் சேர்ந்திருக்கும் துகளை அளந்தால் ஒரே ஒரு விடை எப்படி வருகிறது? இந்தக் குவாண்டம் அளவீட்டுச் சிக்கல் என்று பேச்செடுத்தாலே ஷ்ரோடிங்கரின் பூனையை இழுத்து வந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ இயற்பியலாளர்கள் ஹெப், பெல் இருவரின் வாதம்தான் பிடிக்கும், சிக்கல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அதில் விரல் வைத்துக் காட்டலாம்.

1972இல் சூரிச்சில் இருந்த கிளாவுஸ் ஹெப் ஒரு மாதிரியை எழுதினார். வரிசையாக நிற்கும் ஸ்பின்களை, அதாவது மேலோ கீழோ நோக்கும் குட்டிக் காந்தங்கள் மாதிரியானவற்றை, தாண்டி ஒரு எலக்ட்ரான் போகிறது. அதன் ஸ்பின் மேல்நோக்கி இருந்தால் வரிசை அப்படியே நிற்கும், கீழ்நோக்கி இருந்தால் ஒவ்வொன்றையும் கவிழ்த்துக்கொண்டே போகும். வரிசைதான் இங்கே கருவி. எலக்ட்ரானை இரண்டும் சேர்ந்த சூப்பர்பொசிஷனில் அனுப்பினால் வரிசையும் அதே நிலைக்கு வந்துவிடும். ஆனால் வரிசையும் காலமும் முடிவிலிக்குப் போனால், அங்கங்கே சில ஸ்பின்களை மட்டும் தொடும் எந்த அளவீட்டாலும் அதைச் சாதாரணக் கலவையிலிருந்து (இரண்டில் ஏதோ ஒன்றுதான், எது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்) பிரித்தறிய முடியாது, அதனால் அலைப்பொதி சுருங்கிவிட்டதாக, அதாவது இரண்டில் ஒன்று முடிவாகிவிட்டதாகக் கொள்ளலாம் என்றார் ஹெப்.

1975இல் ஜான் பெல் அதே ஹெல்வெட்டிகா பிசிகா ஆக்டா இதழில் பதில் கொடுத்தார். முடிவிலிக் காலம் என்றைக்கு வரும்? எந்த நேரத்தை எடுத்தாலும் அந்த நேரத்தில் வித்தியாசத்தைக் காட்டும் ஓர் அளவீடு இருக்கத்தான் செய்கிறது.

அது எப்படிப்பட்ட அளவீடு என்று மூன்று ஸ்பின்களை வைத்துப் பாருங்கள். 'எல்லாம் மேல்', 'எல்லாம் கீழ்' இரண்டும் சமமாகக் கூட்டிய நிலை. மூன்றையும் பக்கவாட்டுத் திசையில் அளந்து விடைகளை (ஒவ்வொன்றும் +1 அல்லது −1) பெருக்கினால் எப்போதும் +1. வெறும் கலவையாக இருந்தால் பாதி தடவை −1 வரும். இரண்டை மட்டும் அளந்தீர்களா, போச்சு, இரண்டு நிலைகளுக்கும் ஒரே புள்ளிவிவரம்தான்.

இப்படி யாராவது நிஜமாக அளப்பார்களா என்றால், அளந்தார்கள். 2011இல் இன்ஸ்ப்ரூக்கில் ரைனர் பிளாட் குழு 14 கால்சியம் அயனிகளை இந்த மாதிரி நிலையில் வைத்து, எல்லா விடைகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் சோதித்தது. அயனிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் நிலை நாலு மடங்கு வேகத்தில் சிதைகிறது என்பதும் அதில் தெரிந்தது. நிஜக் கருவியில் எத்தனை அணுக்கள்! அங்கே இது நடக்கவே நடக்காது, சரி. ஆனால் நம்மால் பார்க்க முடியவில்லை என்பதும் அது இல்லை என்பதும் ஒன்றா? டிகோஹெரன்ஸ், அதாவது சுற்றுச்சூழலோடு உரசி சூப்பர்பொசிஷன் கலவை மாதிரி ஆகிவிடுவது, எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

அப்புறம், வாதத்துக்காக எல்லாம் கலவையாகவே மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டாலும், அந்தக் கலவையில் இரண்டு விடைகளும் பாதிப் பாதி இருக்கின்றன. கருவியின் முள் காட்டுவதோ ஒன்றைத்தான். எது என்று குவாண்டம் சமன்பாட்டில் எங்குமே எழுதியில்லை.